உப்பு இல்லாத சட்டி

இந்தச் சட்டிக்கு மட்டும் உப்புக் கிடையாது.
கறிச்சட்டியோடு மாறிவிடக் கூடாதென்று
காதில் சிவப்புக் கம்பி சுற்றி வைத்திருக்கிறேன்.

சம்பளம் வந்த சனிக்கிழமை
பொகவந்தலாவை டவுனில்
கோழிக்கடை நஸீர் என்னைக் கண்டதுமே
கழுத்தும் ஈரலும் தாளில் சுற்றிவிடுவார்.
ஈரலுக்குக் காசு. கழுத்து சும்மா.
பக்கத்துக் கடையில் உடைந்த கரட்
பாதி விலை.

ஹற்றன் மிருக டாக்டரம்மா
பாதிச் சிங்களம் பாதித் தமிழில்
விரலை மடக்கி மடக்கிச் சொன்னார்:
உப்பு எப்பா. மிளகாய் எப்பா.
வெங்காயம் எப்பா. லீக்ஸ், அதுவும் எப்பா.
பிள்ளை பெற்றபோது எனக்கே
இத்தனை பத்தியம் இருந்ததில்லை.

டைகர் என்று பேர் வைத்தது மகன்.
அப்போது அது ஒரு கைக்குள் அடங்கும்.
ஐந்தாம் நம்பர் மலையிலிருந்து
இறங்கிவந்த சிறுத்தைக்கு
அந்தப் பேர் தெரிந்திருக்காது.
மார்கழி இருட்டில், கோழிக்கூட்டுப் பக்கம்
ஒரு சத்தம். ஒன்றே ஒன்று.
விடிந்து பார்த்தால் பீலிக்கரையில்
இடப்பக்கத் தாடை தொங்கப் படுத்திருந்தது.
கோழிகள் ஐந்தும் இருந்தன.

அதனால்தான் இந்தச் சட்டி.
கழுத்தை வேகவைத்து, ஆறவைத்து,
எலும்பை ஒவ்வொன்றாய்ப் பிரிக்க வேண்டும்.
கொழுந்தெடுக்கிற விரலுக்குத்
துண்டு எலும்பு தப்பாது.
ஆனால் நேரம் தப்பிவிடும்.
ஒருநாள் பிரட்டுக்குப் பிந்திப் போய்
அரைப்பேர்தான் விழுந்தது.
"மிச்ச அரைப்பேரை நாய்க்குப் போடவா?"
கங்காணி சிலுவைமுத்து கேட்டான்.
மலையே சிரித்தது. நானும்தான், கொஞ்சம் பிந்தி.

"மனுசருக்கு ரொட்டியும் கட்டச்சம்பலும்,
நாய்க்கு ஈரலா?"
அடுத்த காம்பரா பூமயில்
கேட்டது சரிதான்.
என்னிடம் பதில் இல்லை. சட்டியைக் கிளறினேன்.
மறுநாள் அவளே ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள்.
இடித்துத் தூளாக்கிய முட்டை ஓடு.
எலும்புக்கு நல்லதாம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
இதற்கு நான் ஒரு கல் உப்பு இட்டதில்லை.
கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது
மூன்றாம் மதகில் உட்கார்ந்திருக்கிறது,
மழையோ, மூடுபனியோ.

பிஸ்கட் செய்ய ஆரம்பித்தது பிறகு.
மிஞ்சிய ஈரலை அரைத்து,
குரக்கன் மாவு, வெந்த பூசணி, ஒரு முட்டை.
மருந்துப் போத்தல் மூடியால் வட்டம் வட்டமாய் வெட்டி
தாச்சியில் அடுக்கி, மூடிக்கு மேலே தணல்.
முதல் தடவை கரி. இரண்டாம் தடவை களி.
அதனால் கடிக்க முடியாது,
தண்ணீரில் ஊறவைத்துத்தான் கொடுக்க வேண்டும்.
இருந்தாலும் பிஸ்கட் பிஸ்கட்தானே.

சிறுத்தை கடித்ததை அவருக்கு
போனில் சொல்லியிருந்தேன்.
பிஸ்கட்டைச் சொல்லவில்லை.
ஈரல் விலை அவருக்குத் தெரியும்.

தீபாவளிக்கு முந்திய இரவு
வெள்ளவத்தைக் கொத்துக்கடையிலிருந்து வந்தார்.
கடைசி பஸ், அதற்குமேல் இரண்டு மைல் நடை.
நான் அயர்ந்துபோயிருந்தேன்.
விழித்தால், அடுப்படியில் மொறுமொறுவென்று சத்தம்.
டின் அவர் மடியில்.
"என்ன மாவு இது? நல்லாத்தான் இருக்கு.
உப்புத்தான் கொஞ்சம் கம்மி."
கொழும்பில் ஒரு தெருவுக்கே
உப்புப் பார்க்கிற நாக்கு.

எதிரே டைகர்.
வந்தவரைப் பார்த்துக் குரைக்கவில்லை.
டின்னிலிருந்து வாய்வரைக்கும்
ஒவ்வொரு வட்டத்தையும்
கண்ணாலேயே வழியனுப்பிக்கொண்டிருந்தது.

சொல்லிவிடலாமா என்று பார்த்தேன்.
பண்டிகைக்கு வந்த மனுசன். பசி வேறு.
"அதுக்கும் ஒன்னு குடுங்க" என்றேன்,
"தண்ணியில தொட்டு."

"தண்ணியிலயா?" என்று கேட்டுக்கொண்டே
தொட்டுக் கொடுத்தார்.
அடுத்ததைத்
தனக்கும் ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.